கூலி கொடுத்தபின் மிஞ்சுவது சம்பளமா? சாட்ஸ்வொர்த் கட்டட கன்ட்ராக்டர் ஒருவரின் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த். வீட்டு நீட்டிப்பு, கூரை மாற்று, சுற்றுச்சுவர், பின்கட்டில் அவுட்பில்டிங் என்று வேலை எடுக்கும் ஒரு சிறு கம்பெனி. பங்குதாரர் ஒருவரே, இயக்குநரும் அவரே, சைட்டில் மேஸ்திரியும் அவரே. நிரந்தர ஆட்கள் ஐந்து பேர், ஒரு சிங்கிள் கேப் பேக்கி (முன்சீட் மட்டும் உள்ள பிக்கப் வண்டி), ஒரு மிக்சர், வேலைக்கு வேலை வாடகைக்கு எடுக்கும் சாரம். மனைவி வீட்டிலிருந்தே கொட்டேஷன், பில், கூலிக் கணக்கு பார்க்கிறார். ஃபீனிக்ஸ், மெரிபாங்க், டோங்காட் பக்கமெல்லாம் இதே வார்ப்பில் கன்ட்ராக்டர்கள் உண்டு.

இந்தக் கம்பெனி ஒரு மாதிரி. வரவுசெலவுத் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்தவை. வரி விகிதம், உச்சவரம்பு, சட்டப்பிரிவு எல்லாம் தென்னாப்பிரிக்காவில் 2025 பிப்ரவரி 28இல் முடிந்த ஆண்டில் நடப்பில் இருந்தவை.

கோளாறு எங்கே ஆரம்பித்தது

2022 வரை இவர் தனியாளாகத் தொழில் செய்தவர். தனியாள் தொழிலில் உரிமையாளருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. எடுப்பதெல்லாம் ‘டிராயிங்ஸ்’. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஆண்டு லாபம் முழுவதும் அவருடைய வருமானமாகவே வரிக்குப் போகும். அதனால் கல்லாவிலிருந்து எப்போது எவ்வளவு எடுத்தார் என்பது வரிக்கணக்கை மாற்றாது.

பிறகு கம்பெனி பதிவு செய்தார். கம்பெனி வேறு ஆள், அவர் வேறு ஆள். அதன் பணத்தை அவர் எடுக்க நான்கே வழி: சம்பளம், பங்கு ஈவு (டிவிடெண்ட்), அவர் முன்பு கம்பெனிக்குப் போட்ட கடனைத் திரும்பப் பெறுவது, அல்லது கம்பெனியிடம் கடன் வாங்குவது. நான்காவது வழியில் போகிறோம் என்பது தெரியாமலேயே பலர் அதில் போகிறார்கள். இவரும் போனார். கம்பெனி கார்டு சட்டைப் பையில் இருந்தது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், புரட்டாசி மாத மரக்கறிச் சாமான், காவடிக்கு ஆன செலவு, மச்சினிச்சி கல்யாணத்துக்குக் கொடுத்தது எல்லாம் அதே கார்டில் போயின. சம்பளச் சீட்டு ஒன்றுகூட இல்லை.

ஆண்டு முடிவில் கணக்கர் என்ன செய்வார்? எந்தச் செலவுக்குக் கம்பெனி பில் இல்லையோ அதையெல்லாம் இயக்குநர் கடன் கணக்கில் தள்ளுவார். 2024 பிப்ரவரி முடிவில் அந்தக் கணக்கில் அவர் கம்பெனிக்குத் தர வேண்டியது 1,86,000 ரேண்ட்.

அதைத் தீர்க்கச் சட்டென்று தோன்றும் வழிகள் எல்லாமே செலவு பிடிப்பவை. சம்பளம் என்று பின்தேதியிட்டுச் சொன்னால், சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக் கட்டியிருக்க வேண்டிய பி.ஏ.ஒய்.ஈ. என்ற வருமான வரிக்கு 10% அபராதம், மேலே வட்டி. பங்கு ஈவாக அறிவித்து அடைக்கலாம் என்றால் 20% ஈவு வரி போனபின் கையில் நிற்கும் தொகைதான் கடனை அடைக்கும். 1,86,000ஐ அடைக்க 2,32,500 அறிவிக்க வேண்டும், அதில் 46,500 வரி. வரி கட்டியபின் அவ்வளவு லாபம் கம்பெனியில் சேர்ந்திருக்கவும் வேண்டும். கடனாகவே விட்டால் அதிகாரபூர்வ வட்டி போட வேண்டும். அது ரெப்போ விகிதத்துக்கு, அதாவது மத்திய வங்கியின் வட்டி விகிதத்துக்கு, மேல் 1%. 2024 செப்டம்பர் வரை 9.25% ஆக இருந்தது. வட்டி போடாமல் விட்டால் விடுபட்ட வட்டியை வரித்துறை ஈவாகவோ சம்பளச் சலுகையாகவோ எடுத்துக்கொள்ளும். கூடவே 2008ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பிரிவு 45: இயக்குநருக்குக் கடன் கொடுக்கப் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும், கடன் கொடுத்தபின்னும் கம்பெனி தன் பாக்கிகளைத் தீர்க்கும் நிலையில் இருக்க வேண்டும். ஒற்றைப் பங்குதாரருக்கு இது ஒரு தாளில் முடிகிற வேலைதான். அந்தத் தாளைப் பெரும்பாலான கோப்புகளில் காண முடியாது.

இவர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி பழைய கோப்பில் கிடந்தது. கம்பெனி தொடங்கியபோது பேக்கி, மிக்சர், கட்டிங் மெஷின், ஏணி, சாமான் எல்லாம் கம்பெனிக்கு மாறின. பேக்கியின் பதிவுப் புத்தகம்கூடக் கம்பெனி பெயரில் இருக்கிறது. ஆனால் அவற்றின் விலை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அன்றைய சந்தை விலைக்கான தாள்களை எடுத்துப் பார்த்ததில் 1,40,000 வந்தது. அது கம்பெனி அவருக்குத் தர வேண்டிய கடன். அதைத் திருப்பி எடுக்க வருமான வரியும் இல்லை, ஈவு வரியும் இல்லை. கழித்ததும் பாக்கி 46,000 ஆனது. தனியாள் தொழிலிலிருந்து கம்பெனிக்கு மாறியவர் யாராக இருந்தாலும் சம்பளத்தைப் பற்றி யோசிக்கும் முன்னால் இந்தத் தாளைத் தேட வேண்டும். பொருள் உண்மையிலேயே கம்பெனிக்குக் கைமாறியிருக்க வேண்டும் என்பது முக்கியம். இன்றைக்கு உட்கார்ந்து பழைய தேதியில் எழுதும் ரசீது செல்லாது.

லாபம் என்று அவர் நினைத்தது

கடன் கணக்கு வெறும் அறிகுறி. நோய் கொட்டேஷனில் இருந்தது.

எங்கும் கேட்கிற பழக்கம்: “சாமானும் கூலியும் கூட்டு, மேலே இருபது பர்சென்ட் போடு.” அந்த இருபதில்தான் பேக்கி டீசல், இன்சூரன்ஸ், போன், கணக்கர், உடைந்த டிரில் எல்லாம் வர வேண்டும். அதன்பின் மிஞ்சுவது உரிமையாளருக்கு. மிஞ்சவில்லை என்றால் அவருக்கு இல்லை. சைட்டில் ஏழு மணிக்கு வந்து நிற்கிற ஐந்து பேரும் வெள்ளிக்கிழமை கூலி வாங்கிப் போகிறார்கள். ஆறாவது ஆளின் கூலி மட்டும் எந்த விலையிலும் சேரவில்லை.

2024 மார்ச் முதல் 2025 பிப்ரவரி வரையிலான ஆண்டை எடுத்துக்கொள்வோம். எல்லாம் வாட் வரி நீங்கலாக.

சாமான் 13,80,000. பிளம்பர், எலெக்ட்ரீஷியன் போன்ற துணை கன்ட்ராக்டர்கள் 5,20,000. ஐவர் கூலி 5,60,000. இவை நேரடிச் செலவு, ஆக மொத்தம் 24,60,000. பொதுச் செலவு 2,00,000.

இருபது சதவீதம் ஏற்றினால் விற்பனை 29,52,000. பொதுச் செலவு போக 2,92,000 நிற்கும். உரிமையாளர் கண்ணில் அது லாபம். அவர் செய்யும் வேலைக்கு ஒரு மேஸ்திரியை மாதம் 25,000க்கு வைத்தால், யு.ஐ.எஃப். (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பங்கும் எஸ்.டி.எல். (திறன் மேம்பாட்டு) வரியும் சேர்த்து ஆண்டுக்கு 3,05,125 ஆகும். அதைக் கழித்தால் கம்பெனி 13,125 நஷ்டத்தில் ஓடியிருக்கும். அவர் சம்பளம் எடுக்காத வரை இந்த நஷ்டம் எந்தத் தாளிலும் தெரியாது.

இந்த ஆய்வில் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: உரிமையாளர் சம்பளம் செலவுப் பக்கத்தில் இருக்க வேண்டும், விலை போடும்போதே. வரி, ஈவு, கடன் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

சதவீதம் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். செலவின்மேல் 20% ஏற்றினால் விற்பனையில் அது 16.67% மட்டுமே. 20% தள்ளுபடி கேட்கும் வாடிக்கையாளருக்கு “சரி, என் லாபத்தை விட்டுத்தருகிறேன்” என்று ஒப்புக்கொண்டால், லாபம் முழுவதையும் விட்டு, கைக்காசும் போடுகிறோம்.

சதவீதத்துக்குப் பதில் நாள் கணக்கு வைத்தார்கள். ஆண்டில் 52 வாரம், வாரம் 5 நாள், 260 நாள். டிசம்பர் நடுவில் தொடங்கும் பில்டர்ஸ் ஹாலிடே 15 வேலைநாள். மற்ற அரசு விடுமுறைகளுக்கு 9. வாரம் ஒரு நாள் அளவெடுப்பு, கொட்டேஷன், சாமான் வாங்கல் என்று 47. டர்பனில் மழை கோடையில்தான், அக்டோபரிலிருந்து மார்ச் வரை வானம் நம்பத்தக்கதல்ல, அதற்கு 15. மிஞ்சுவது 174 சைட் நாள். 3,05,125ஐ 174ஆல் வகுத்தால் உரிமையாளரின் ஒரு நாள் விலை ஏறத்தாழ 1,754. பொதுச் செலவு நாளொன்றுக்கு 1,149. ஒரே நேரத்தில் இரண்டு சைட் ஓடுகிறது என்பதால் சைட்டுக்குப் பாதி: 877, 575.

இப்போது ஒரு சின்ன வேலை. சமையலறை நீட்டிப்பு, 24 சைட் நாள். சாமான் 74,000, ஆட்கள் 25,800 (இரண்டரை ஆள், நாளுக்கு 430), பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் 35,200. கூட்டினால் 1,35,000.

பழைய முறையில் 20% ஏற்றினால் கிடைப்பது 27,000. நாள் கணக்கில் வேண்டியது உரிமையாளருக்கு 21,048, பொதுச் செலவுக்கு 13,800, ஆக 34,848. இன்னும் லாபம் ஒரு ரேண்ட்கூடச் சேரவில்லை, அதற்குள் 7,848 குறைகிறது. சாமான் குறைவாகவும் நாள் அதிகமாகவும் பிடிக்கும் வேலைகள்தான் இப்படிக் கடிக்கும்: பழைய சுவரில் ஈரம் எடுப்பது, ஓடு மாற்றுவது, பாத்ரூம் உடைத்துக் கட்டுவது. பெரிய கான்கிரீட் ஸ்லாப் வேலையில் சாமான் விலையே சதவீதத்தைத் தூக்கிவிடும், குறை தெரியாது. அதனால்தான் “பெரிய வேலைல காசு நிக்குது, சின்ன வேலைல எங்கயோ போயிடுது” என்று சொல்கிறார்கள்.

நாள் கணக்குக்கு மாறியபின் அந்த ஆண்டின் சராசரி ஏற்றம் 30% பக்கம் வந்தது. விற்பனை 32,00,000. பொதுச் செலவு போக, உரிமையாளருக்கு எதுவும் கொடுக்கும் முன் 5,40,000. சில கொட்டேஷன்கள் கை நழுவின, அதுவும் உண்மை. நழுவியவை பெரும்பாலும் முன்பு இலவசமாகச் செய்துகொடுத்தவை.

சம்பளமா, ஈவா: உட்கார்ந்து போட்ட கணக்கு

எல்லோரும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியை. விடை கொஞ்சம் ஏமாற்றமளிக்கும்: நடுவில் எங்கே நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கம்பெனி சிறு தொழில் நிறுவனத்துக்கான சலுகை விகிதத்தில் வருகிறது. முதல் 95,750க்கு வரி இல்லை. 3,65,000 வரை 7%. 5,50,000 வரை 21%. அதற்கு மேல் 27%. அதோடு ஈவு எடுக்கும்போது 20%. இரண்டையும் சேர்த்தால் அடுக்கடுக்காக 20%, 25.6%, 36.8%, 41.6%. தனிநபர் விகிதம் 2,37,100 வரை 18%, பிறகு 3,70,500 வரை 26%, அதன்பின் 31%, 36% என்று ஏறும். வரும் வரியிலிருந்து முதன்மைக் கழிவு 17,235.

5,40,000ஐ நான்கு விதமாக எடுத்துப் பார்த்தால் குடும்பத்தின் கையில் நிற்பது:

தனியாள் தொழிலாகவே இருந்திருந்தால் 4,25,968.
முழுவதும் சம்பளமாக எடுத்தால் 4,19,074.
வரி வராத 95,750 மட்டும் சம்பளம், மீதி எல்லாம் ஈவு என்றால் 4,20,590.
மாதம் 25,000 சம்பளம், மீதி ஈவு என்றால் 4,36,187.

மூன்றாவது விதம்தான் கவனிக்க வேண்டியது. “சம்பளத்தை வரி வராத அளவில் நிறுத்து, மீதியை ஈவாக எடு” என்ற அறிவுரை கடைத்தெருவில் சகஜம். இந்த அளவு லாபத்தில் அது ஆண்டுக்கு 15,600 ரேண்ட் நஷ்டம். கம்பெனி 21% அடுக்குக்குள் போய்விடுகிறது, மேலே ஈவு வரி வேறு. வரியை மட்டும் பார்த்துச் சம்பளத்தை 18% அடுக்கு முடிகிற இடத்தில், ஆண்டுக்கு 2,37,100இல் வைத்தால் 4,36,906 வரும். 25,000 சம்பளத்தைவிட 719 ரேண்ட் கூடுதல். ஆண்டுக்கு 719! அதற்காக மண்டையை உடைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கடனுக்கு வங்கி கேட்கும் சம்பளச் சீட்டு, ஓய்வூதியச் சேமிப்புக்கான 27.5% கழிவு (ஈவை வைத்து அதைக் கேட்க முடியாது), பிறகு காயம் பட்டால் வரும் இழப்பீடு, இவை 719ஐவிடக் கனமானவை.

காயம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தனியாள் தொழில் நடத்துபவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி அல்லர். சாரத்திலிருந்து விழுந்தால் அவருடைய ஆட்களுக்குக் கிடைக்கும் இழப்பீடு அவருக்குக் கிடைக்காது. கம்பெனியில் சம்பளம் வாங்கும் இயக்குநர் தன் சம்பளத்தையும் ஆண்டு வருவாய் அறிக்கையில் காட்டிச் சந்தா கட்டியிருந்தால் அவரும் உள்ளே வருவார். கட்டடத் தொழிலில் இது பெரும்பாலும் எஃப்.ஈ.எம். என்ற தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டு நிறுவனம் வழியாக நடக்கிறது. காட்டும் சம்பளத்தை வைத்துத்தான் இழப்பீடு என்பதால், பேருக்கு 5,000 என்று காட்டுவது இங்கே வந்து உதைக்கும்.

கம்பெனியால் உண்மையான ஆதாயம் எப்போது? ஈவை எடுக்காமல் உள்ளேயே விடும்போது. 25,000 சம்பளத்துக்குப் பிறகு கம்பெனி லாபம் 2,34,875, அதற்கு வரி 9,739 மட்டும். 2,25,136 உள்ளே நிற்கிறது. தனியாளாக இருந்தால் அந்த ஆண்டே மொத்தம் 1,14,032 வரி போயிருக்கும். இங்கே சம்பள வரி 41,797ஐயும் சேர்த்து 51,536தான்.

சலுகை விகிதத்தைக் கெடுக்கும் ஒரு சின்ன விஷயம். பங்குதாரர் வேறொரு தனியார் கம்பெனியில் பங்கு வைத்திருக்கக் கூடாது. பட்டியலிட்ட கம்பெனிப் பங்கு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நம் வீடுகளில் என்ன நடக்கும்? அண்ணன் மகன் டிரான்ஸ்போர்ட் தொடங்குகிறான். “சித்தப்பா, உங்க பேருல பத்துப் பங்கு போட்டுக்கறேன், சும்மா ஒரு பேருக்குத்தான்.” கையெழுத்துப் போட்டாயிற்று. அந்தக் கையெழுத்தால் கட்டடக் கம்பெனி முழுவதும் 27%க்குப் போகும்: 9,739க்குப் பதில் 63,416. சும்மா பேருக்குப் போட்டதன் விலை ஆண்டுக்கு 53,677.

நவம்பர் 29, வெள்ளி மாலை

2024 நவம்பர் 29. வாரக் கூலி போய்விட்டது. வங்கிச் செயலியில் இருப்பு 4,12,000. முந்தைய ஆண்டாக இருந்தால் இந்த எண்ணைப் பார்த்துத்தான் பேக்கிக்குப் புது டயரும் வீட்டுக்குப் புது சோபாவும் வந்திருக்கும். இப்போது மனைவி ஒரு தாளில் கீழ்நோக்கி எழுதிக் கழிக்கிறார்:

அக்டோபர்-நவம்பர் வாட் வரி 68,000. ஈ-ஃபைலிங்கில் கட்டினால் டிசம்பர் 31 வரை நேரம்.
ஜனவரியில் தொடங்கும் வேலைக்கு வாங்கிய முன்பணம், வாட் நீங்கலாக 1,20,000.
ஹார்டுவேர் கடைக் கணக்கு 74,000.
எலெக்ட்ரீஷியன் பாக்கி 38,000.
டிசம்பரில் இரண்டு வாரக் கூலி 21,500, விடுமுறைச் சம்பளம் மூன்று வாரம் 32,250.
பி.ஏ.ஒய்.ஈ., யு.ஐ.எஃப்., எஸ்.டி.எல். சேர்த்து 6,700. கெடு ஏழாம் தேதி. அது சனிக்கிழமை என்பதால் ஆறாம் தேதியே போக வேண்டும்.
பிப்ரவரி முன்வரித் தவணைக்கு 4,900.

கழித்தால் 46,650. உரிமையாளரின் நவம்பர், டிசம்பர் சம்பளம் கைக்கு வருவது மாதம் 21,340 வீதம் 42,680. மிச்சம் 3,970.

நான்கு லட்சத்துக்கு மேல் இருப்பு, அதில் அவருடையது நாற்பத்தாறாயிரம். ஜனவரிச் சம்பளம் இதில் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். வேலை ஜனவரி இரண்டாம் வாரம் தொடங்கி, முதல் கட்ட பில் மாதக் கடைசியில் போய், பணம் வர பிப்ரவரி நடுவாகும். அதற்குள் பள்ளிச் சீருடை, புத்தகம், கட்டணம் எல்லாம் ஜனவரியில்தான். முன்பணத்தில் கை வைப்பது இந்த இடத்தில்தான் நடக்கும். ஜனவரி வீட்டின் சமையலறைச் செங்கல், டிசம்பரில் நம் வீட்டுச் செலவாகிறது. பிறகு அந்தச் செங்கலை வாங்க மார்ச் வீட்டின் முன்பணம் தேவைப்படுகிறது. வேலை வந்துகொண்டே இருக்கும் வரை சுழல் தெரியாது. ஒரு மாதம் வேலை நின்றால் இரண்டு வீடு பாதியில் நிற்கும்.

அதனால் ஒரே வங்கியில் நான்கு கணக்கு வைத்தார்கள். பணம் எல்லாம் முதலில் நடப்புக் கணக்குக்கு வரும். முன்பணம் அன்றே தனிக் கணக்குக்குப் போகும். அந்த வேலையின் சாமான் பில் வரும்போது மட்டும் வெளியே வரும். வரிக் கணக்குக்கு ஒவ்வொரு வரவிலும் 7%. இந்தக் கம்பெனியில் சாமான்மேல் கட்டிய வாட் கழிந்தபின் நிகர வாட் வரவில் ஏறத்தாழ 6% வருகிறது என்பதால் இந்த எண். கூலி மட்டும் கொடுத்துச் சாமானை வாடிக்கையாளரே வாங்கும் வகை வேலையில் கழிக்க ஒன்றும் இராது. அங்கே வரவில் 15/115 முழுவதையும் ஒதுக்க வேண்டும். நான்காவது கணக்கு இருப்பு நிதி, அதற்குக் கார்டு வாங்கவே இல்லை. உரிமையாளர் சம்பளம் ஆட்களுக்குப் போவதுபோலவே நாள் குறித்து, மாதம் 28ஆம் தேதி தானாக அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகும். கம்பெனி கார்டு பேக்கியில் டீசலுக்கு மட்டும்.

வாட்டில் மூன்று பள்ளம்

தனியாளாக இருந்து விற்பனை 25 லட்சத்துக்குள் என்றால் பணம் வந்தபின் வாட் கட்டும் முறையைக் கேட்கலாம். கம்பெனிக்கு அது கிடையாது. பில் போட்டாலே வாட் கடன். வாடிக்கையாளர் 60 நாள் இழுத்தால் அவருக்காக நாம் அரசுக்குக் கட்டுகிறோம். அது போவது உரிமையாளர் சம்பளத்திலிருந்து. கட்டப் பில்லை மாதக் கடைசியில் அவசரமாகப் போடாமல், வாட் காலம் மாறியபின் முதல் தேதியில் போட்டால் இரண்டு மாத மூச்சு கிடைக்கும். வேலை அளவு உண்மையில் அன்று முடிந்திருந்தால் அது நேர்மையான வழிதான்.

நிறுத்திவைப்புத் தொகை, அதாவது வேலையில் குறை வந்தால் என்று வாடிக்கையாளர் பிடித்துவைக்கும் ரிடென்ஷன். கட்டட வேலையில் அது செலுத்தத்தக்கதாகும் வரை வாட் எழாது. ஆனால் முழுத்தொகைக்கும் வரி பில் போட்டு, அடியில் “ரிடென்ஷன் கழிவு” என்று எழுதினால் பில் போட்ட அன்றே முழுவதுக்கும் வாட் வந்துவிடும். ரிடென்ஷன் நீக்கிய தொகைக்கு மட்டும் பில். விடுவிக்கும்போது தனி பில்.

பேக்கி. சிங்கிள் கேப் வாங்கினால் அதன் வாட்டைத் திரும்பப் பெறலாம். டபுள் கேப் சட்டத்தில் ‘மோட்டார் கார்’, பெற முடியாது. பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து ஃபீனிக்ஸ் போய்வரலாம் என்று டபுள் கேப் பார்ப்பவர்கள் இந்த 15%ஐக் குடும்பச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும். டீசலுக்கு வாட் பூஜ்யம், எனவே அதில் கழிக்க ஒன்றுமில்லை. மனைவிமார் பலர் டீசல் ரசீதையும் சேர்த்துக் கூட்டிவைத்து வரித்துறையிடம் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

ஈவு எடுத்த நாள்

ஆண்டுக் கணக்கு முடிந்தது. வரிக்குப் பின் 2,25,136. இதை அப்படியே எடுக்க முடியாது. மூன்று மாதப் பொதுச் செலவும் உரிமையாளர் சம்பளமும் இருப்பு நிதியில் நிற்க வேண்டும் என்று வைத்ததற்கு 1,26,281. லாபத்தில் எழுதியாகி இன்னும் கைக்கு வராத ரிடென்ஷன் 41,000. மிஞ்சியது 57,855. அறிவித்தது 57,500.

இதற்கு இயக்குநர் தீர்மானம் வேண்டும். கம்பெனிச் சட்டம் பிரிவு 46இன்படி, ஈவு கொடுத்தபின்னும் சொத்து கடனைவிடக் குறையாது, அடுத்த 12 மாதம் வருகிற பாக்கிகளைத் தீர்க்க முடியும் என்று பார்த்து எழுத வேண்டும். நவம்பரில் போட்ட அதே கழித்தல் தாள்தான் இதற்குச் சான்று, கோப்பில் தைத்தார்கள். ஈவு வரி 11,500, ஈவு கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் கம்பெனியே பிடித்துக் கட்ட வேண்டும். மிஞ்சிய 46,000 அவர் கைக்கு வரவில்லை. கடன் கணக்கில் நின்ற 46,000க்கு நேராகக் கழிந்தது. அந்த ஆண்டுக்கான அதிகாரபூர்வ வட்டி, விகிதம் செப்டம்பருக்குப் பின் இறங்கியதைக் கணக்கில் கொண்டு 4,170 பக்கம். அதைச் சம்பளத்திலிருந்து கட்டினார்.

அரசு வேலைக்குக் கன்ட்ராக்டர்களைத் தரம் பிரிக்கும் சி.ஐ.டி.பி. வாரியத்தில் தரத்தை உயர்த்தி நகராட்சி வேலை கேட்கும் எண்ணம் இருந்தால் ஈவை இன்னும் இறுக்க வேண்டும். முதல் தரம் 5 லட்சம் ரேண்ட் வரையிலான அரசு வேலைக்குத்தான்; இரண்டாம் தரம் 10 லட்சம், மூன்றாம் தரம் 30 லட்சம். ஏறும்போது முடித்த வேலையோடு கைவசமுள்ள முதலையும் பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் துடைத்து எடுத்த கம்பெனிக்கு அங்கே காட்ட ஒன்றுமிருக்காது.

விற்பனை 10 லட்சத்துக்குள் நிற்கும் ஒற்றை ஆள் கன்ட்ராக்டருக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். விற்றுமுதல் வரிக்கு ஆண்டு தொடங்கும் முன்பே பதிந்துகொண்டால் 3,35,000 வரை வரியில்லை, அதன்மேல் 1% முதல் 3% வரைதான். ஆனால் அது லாபத்தின்மேல் அல்ல, வரவின்மேல். சாமானையும் நாமே வாங்கிப் போட்டால் அந்தப் பணமும் வரவில் ஏறி 10 லட்சத்தைச் சீக்கிரம் தொட்டுவிடும்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர்

அந்த ஆண்டு முழுவதும் சம்பளமில்லாமல் வேலை செய்தவர் ஒருவர் உண்டு. கொட்டேஷன் தட்டச்சு, கூலிச் சீட்டு, வாட் கணக்கு, வாடிக்கையாளரிடம் பணம் கேட்டுப் போன் போடுவது எல்லாம் மனைவி. 2025 மார்ச்சிலிருந்து அவருக்கு மாதம் 7,900. ஆண்டுக்கு 94,800, வரி வரம்பான 95,750க்குள். இது கம்பெனிச் செலவு என்பதால் லாபம் குறைகிறது, ஈவு வரியும் குறைகிறது. முந்தைய ஆண்டின் எண்களிலேயே வைத்துப் பார்த்தால், லாபம் முழுவதையும் ஈவாக எடுக்கும் கணக்கில், யு.ஐ.எஃப்., எஸ்.டி.எல். எல்லாம் கொடுத்தபின்னும் குடும்பத்துக்கு 21,900 மிச்சம். மேலே மண்டையைப் போட்டுக் குழப்பிய அந்த 719ஐ இதோடு ஒப்பிடலாம்.

நிபந்தனை ஒன்று. செய்யும் வேலைக்குத் தக்க சம்பளமாக இருக்க வேண்டும். மிகையானதை வரித்துறை கணவரின் வருமானமாகவே திருப்பிவிடும். அதனால் வேலை ஒப்பந்தம் எழுதினார்கள், பணம் அவர் பெயரிலுள்ள கணக்குக்கே போகிறது, கூலிச் சீட்டிலும் ஏழாவது பெயராக அவர் பெயர். அவருடைய நாளும் இனிப் பொதுச் செலவில் ஏறியாக வேண்டும்: 94,800உடன் யு.ஐ.எஃப்., எஸ்.டி.எல். 1,896 சேர்த்து, 174 நாளுக்கும் இரண்டு சைட்டுக்கும் வகுத்தால் சைட் நாளொன்றுக்கு 278. கொட்டேஷன் தாளில் 575 என்று இருந்த இடத்தை அடித்து 853 என்று எழுதியது அவர்தான்.